ஏழாவது குஞ்சு

பள்ளி திறக்கும் முதல் நாளில் பெற்றோரை வகுப்பு வாசலில் நிறுத்தி, முப்பது ஆண்டுகளாக ஒரே புத்திமதியைச் சொல்லிவந்தார் அந்த ஆசிரியை.

"வீட்டுலயும் ஸ்கூல் பாஷைதான் பேசணும். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நின்னா புள்ள எப்படிம்மா கரையேறும்?"

சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் தலைகளை எண்ணுவார். எதையும் கணீரென்று சொல்லும் அவர், எண்ணும்போது மட்டும் வாயைத் திறக்கமாட்டார். மூடிய உதடுகளுக்குப் பின்னால் நாக்கு அசைவது மட்டும் தெரியும். ஏனென்று யாரும் கேட்டதில்லை.

இன்று மதிய இடைவேளையில், சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் ஒருத்தியின் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். கைப்பையில் ஒரு படிவம். மறு கையைப் பிடித்தபடி அந்தத் தையற்காரியின் மகள்.

ஏழு வயது. இரண்டு ஆண்டுகளாகக் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டியதால், வகுப்பில் அவளுக்குத் 'தலையாட்டி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அவள் எழுதியது மூன்றே வரி.

'என் அம்மா வா. என் அம்மா சாப்பிடு. என் அம்மா தூங்கு.'

ஆசிரியர் அறையில் அந்த நோட்டு கைமாறிக் கைமாறிச் சிரிப்பை மூட்டியது. ஆசிரியை சிரிக்கவில்லை. தலைமையாசிரியரிடம் போய்ப் படிவத்தை வாங்கிக்கொண்டார். மந்தமான பிள்ளைகளுக்கென்று நகரின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்கு அனுப்பும் படிவம். தாயின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

சந்து திரும்பியதும் ஒரு பெண்குரல் கேட்டது.

குரலா அது! மடை திறந்த வெள்ளம். கொஞ்சியது, மிரட்டியது, கோழியாகக் கொக்கரித்தது, நடுநடுவே தன் கதைக்குத் தானே சிரித்துக்கொண்டது.

சிறுமி நின்றுவிட்டாள்.

"டீச்சர்... எங்க வீட்டுல யாரு?"

இரண்டு ஆண்டுகளில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

கதவு பாதி திறந்திருந்தது. சட்டைக் குவியலின் நடுவே, மடியில் கைக்குழந்தையைப் போட்டுக்கொண்டு, பட்டன் தைத்தபடியே தாய் தன் மொழியில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழை வந்துவிட்டது. தாய்க்கோழி தன் குஞ்சுகளை எண்ணுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறுதான் இருக்கிறது. வைக்கோலைக் கிளறுகிறது. வேலியைச் சுற்றுகிறது. கத்திக் கத்தி ஊரையே எழுப்புகிறது. ஐயோ, என் ஏழாவது குஞ்சு எங்கே?

நிமிர்ந்தவள் வாசலைப் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போலக் குரல் அப்படியே அடங்கியது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்." பள்ளி மொழியின் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தாள். "இவ இருந்தா எங்க பாஷையில பேச மாட்டேன். நீங்க சொன்னீங்கல்ல. எனக்கு உங்க பாஷையில வா, போ, சாப்பிடு, தூங்கு... இந்த மாதிரி கொஞ்சம்தான் வரும். அதை மட்டும்தான் பேசுறேன். சின்னவன்கிட்டயும், ஸ்கூல் சேர்ந்ததும் நிறுத்திடுவேன்."

ஏதோ கையெழுத்துக்குத்தான் டீச்சர் வந்திருப்பார் என்று நினைத்து, உடையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

படிவம் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஆசிரியை செருப்பைக் கழற்றினார். சட்டைகளை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்து, சிறுமியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணத் தொடங்கினார். வாய்விட்டு, அந்தத் தாயின் மொழியில்.

முப்பது ஆண்டுகளாக மூடிய உதடுகளுக்குள் பிள்ளைகளின் தலைகளை அவர் எண்ணிவந்ததும் அந்த மொழியில்தான். ஒரு காலத்தில் அவருடைய வீட்டிலும் அதுதான் மொழி.

தாய் நீட்டிய கையை மடக்க மறந்தாள்.

ஆறாவது விரலோடு நிறுத்தினார். பிறகு, தன் அம்மா எந்த ராகத்தில் சொல்வாளோ அதே ராகத்தில் கதையை முடித்தார்.

"அட பைத்தியக்காரக் கோழி, ஏழாவது குஞ்சு உன் சிறகுக்குள்ளயேதான் இருக்கு!"

தாயின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல், குவியலில் கிடந்த ஒரு சட்டையைப் பார்த்து அதே மொழியில் சொன்னார்:

"தப்பு என்னோடதும்மா. இனிமே இவகிட்ட நீ வாய் ஓயாம பேசு."

சிறுமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோழி அவளுக்குப் புரிந்தது. அந்த மொழியில் சிறகு என்ற சொல் மறந்துபோயிருந்தது.

ஆசிரியை அவளுடைய மடங்கிய விரல்களைப் பிரித்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.