சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

எழுபதுகளில், பெட்ரோல் விலை மளமளவென்று ஏறிய வருஷம். பரசுராமன் வீட்டுக் கார் ஏழு மாதமாக ஷெட்டை விட்டு நகரவில்லை. ஆபீஸ், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று நாள் முழுக்க அலைந்ததெல்லாம் பக்கத்தில் நின்ற சைக்கிள்தான்.

ஆயுத பூஜையன்று காரைக் குளிப்பாட்டி, சந்தனம் வைத்து, மாலை போட்டார்கள். நான்கு சக்கரத்தடியிலும் ஒவ்வோர் எலுமிச்சம்பழம். சைக்கிளுக்கு ஒரு பொட்டோடு சரி.

"பழம் வெச்சாச்சு தம்பி. நசுக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்றது கார். "தெருமுனை வரைக்கும் போனாக்கூடப் போதும்."

"போயிட்டு வாங்க அண்ணே. நான் கொஞ்சம் காலாறுறேன்" என்றது சைக்கிள். காலையிலிருந்து அதற்கு மூன்று நடை ஆகியிருந்தது.

கற்பூரம் காட்டியதும் பரசுராமன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் மனைவி கோமளம் குனிந்து நான்கு பழங்களையும் எடுத்து முந்தானையில் துடைத்தாள். "விக்கிற விலையில வீணாக்குவாங்களா?" என்று முணுமுணுத்தபடி சமையலறைக்குப் போனாள்.

சாயங்காலம் சுண்டலுக்கு வந்த எதிர்வீட்டுக்காரர், அந்தப் பழத்தில் போட்ட ஜூஸை உறிஞ்சிக்கொண்டே காரைத் தடவினார்.

"கார் வெச்சிருக்கற வீடு. உங்களுக்கென்ன சார் குறைச்சல்!"

பரசுராமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிரித்தார். அவர்கள் உள்ளே போன பிறகு கார் மெல்லக் கேட்டது:

"நான் எதுக்குத்தான் தம்பி இங்க நிக்கறேன்?"

"இப்ப எதிர்வீட்டுக்காரர் சொன்னாரே, அதுக்குத்தான் அண்ணே."