வேகமாக அடிக்க ஒருவர்

"டீச்சர், உங்க முழு வேகத்துக்கும் அடிங்க!" உள்ளறையிலிருந்து ஜனனி கத்தினாள்.

முன்கூடத்தில் பழைய டெர்மினலின் முன் உட்கார்ந்திருந்த அகிலா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். செக்காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவள். காரைக்குடியில் அவளை விரல் வேகத்தில் முந்த ஆள் கிடையாது.

அந்த வேகம்தான் இப்போது வேண்டியிருந்தது.

கல்லூரியில் வெகுகாலம் மூடிக்கிடந்த கம்ப்யூட்டர் அது. பெட்டி ஒன்றுதான். அதிலிருந்து ஒயர் இழுத்து அறைக்கு ஒரு டெர்மினல், அதாவது ஒரு கீபோர்டும் திரையும். ஒயரில் வரும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பெட்டிக்குள் சேர்க்க ஒரு புரோகிராம் உண்டு. டிரைவர் என்பார்கள். டிஸ்க் கெட்டதில் பழைய டிரைவரும் போய்விட்டது.

லேப் பொறுப்பாளர் சிவபிரகாஷும் மாணவி ஜனனியும் உட்கார்ந்து புதிதாக ஒன்றை எழுதினார்கள். மெதுவாக அடித்தால் ஒழுங்காக வந்தது. வேகம் கூடினால் எழுத்தை விழுங்கியது. காரைக்குடி, காக்குடி ஆனது.

இன்று காலையில்தான் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். மதியம் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி திறப்பு. அதற்குள் யாராவது பேய் வேகத்தில் அடித்துப் பார்க்க வேண்டும்.

அகிலா டீச்சரைக் கூப்பிடலாம் என்று ஜனனிதான் சொன்னாள். சிவபிரகாஷ் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினான். பிறகு, "நீயே கூப்பிடு" என்றான்.

கொடுத்த தாளிலிருந்த ஆங்கிலப் பத்தியை அகிலா அடிக்கத் தொடங்கினாள்.

மழை தகரத்தில் இறங்குவதுபோல் முன்கூடத்தில் சத்தம். உள்ளறைத் திரையில் பச்சை எழுத்துகள் வரி வரியாக ஓடின. நிற்கவில்லை. திக்கவில்லை. ஜனனி நாற்காலியை விட்டு எழுந்து குதித்தாள். வாசலில் நின்ற மாணவர்கள் விசிலடித்தார்கள்.

சத்தம் நின்றது.

ஜனனி, கொடுத்த பத்தியையும் வந்த பத்தியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளையைத் தட்டினாள்.

அவள் முகம் சுருங்கியது.

"ஒத்துப்போகலை சார்."

விசில் அடங்கியது. சிவபிரகாஷ் அவளை நகரச் சொல்லிவிட்டுத் திரையின் முன் குனிந்தான். முதல் வாக்கியம் அப்படியே இருந்தது. அடுத்ததும் சரி. எழுத்து ஒன்றும் விடுபடவில்லை. பத்தியின் நடுவே மட்டும், கொடுத்த தாளில் இல்லாத சில சொற்கள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

"திருப்பத்தூர் பஸ்ல வரும்போது கேட்டீகளே, எனக்குச் சம்மதம். எங்க அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன்."

அதன்பின், விட்ட இடத்திலிருந்து பத்தி பிசகாமல் தொடர்ந்தது.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து ஜனனியும் வாசித்துவிட்டாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்கூடத்திலிருந்து அகிலாவின் குரல் வந்தது.

"என்ன சார், அங்குட்டு எல்லாம் சரியா வந்து சேர்ந்துருச்சா?"