ஆறு தட்டுகள்

ஆறு தட்டுகளில் மூன்றில் செல்கள் பிழைத்திருந்தன. மற்ற மூன்றில் செத்து மிதந்தன.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தேன். புற்றுநோய் செல் பிழைக்க வேண்டும் என்று இந்த வாரம் நான் கும்பிடாத சாமியில்லை.

செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. மீது ஒரு என்சைம் சின்னச் சின்ன வேதிக் குறிகளை வைக்கிறது. அந்த என்சைமுக்கான மரபணுவை வெட்டி எடுத்தேன். செல்கள் செத்தன. ஆய்வகமே கை தட்டியது, பேராசிரியை மட்டும் தட்டவில்லை.

"குறி இல்லாம செத்துச்சா, நீ வெட்டின வெட்டுல செத்துச்சா?"

ஒரே கேள்வியில் என் மூன்று வருஷத்தையும் மடக்கிப் போட்டார்.

அதனால் அதே மாதிரி வெட்டிய வேறு செல்களுக்கு மரபணுவைத் திருப்பிக் கொடுத்தோம். மூன்று தட்டுகளுக்கு நல்லது. மூன்றுக்குக் குறி வைக்கத் தெரியாத பழுதானது. நல்லது கிடைத்தவை பிழைக்க வேண்டும், மற்றவை சாக வேண்டும். ஒரு தட்டு மாறினாலும் எல்லாம் வீண்.

எதில் எது என்று எனக்குத் தெரியக் கூடாது. ஆசை கண்ணை மறைத்துவிடும். தட்டுகளுக்கு எண் போட்ட தோழி, பட்டியலை உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.

எங்கள் ஆய்வகத்தில் ரகசியம் தேநீர் நேரத்தைத் தாண்டாது. ஆகவே உறை அப்பாவிடம் போனது. முப்பது வருஷம் கேள்வித்தாள் கட்டுகளைக் காத்த தலைமையாசிரியர் அவர். பெற்ற மகள் கெஞ்சினாலும் காட்ட மாட்டார். கெஞ்சியும் பார்த்தேன்.

போன் செய்து, பிழைத்தவை இரண்டு, மூன்று, ஆறு என்றேன். பேராசிரியை என் பக்கத்தில் வந்து நின்றார்.

உறை கிழிந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அந்த அரை நிமிஷத்தில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

நல்லது கிடைத்தவை, இரண்டு, மூன்று, ஆறு என்று வாசித்தார்.

பேராசிரியை என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வலித்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போனில் அப்பா பக்கம் யாரோ ஒரு நர்ஸ், பேசியது போதும், படுங்கள் என்று அதட்டுவது கேட்டது. அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பொழைச்சதை விடும்மா. மீதி மூணும் செத்துச்சுல்ல? என் வயித்துல இருந்து வெட்டி எடுத்த கட்டியைத்தானே கொன்னுருக்கே. சபாஷ்!"