ஒரே அடுப்பு

“அண்ணே, உங்க பக்கம் காத்தே வரலை” என்று விசிறியை எடுத்து அண்ணன் வீரமலைக்கு வீசினான் அடைக்கலம்.

“நீ உக்காருடா தம்பி, கை வலிக்கப் போவுது” என்று உருகினார் வீரமலை. எதிரே பலகையில் உட்கார்ந்திருந்த குடைக்காரப் பெரியவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் ஆடி மாதத்திலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சே கிடையாது. ஸ்ரீரங்கம் மேலூரில் இருந்த அந்த வீட்டுக் கூடத்தின் நடுவே தட்டி கட்டி, ஆளுக்கொரு அடுப்பு மூட்டி, தட்டியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, வீரமலையின் மகள் ரங்கநாயகிக்கு வந்த இரண்டு வரன்கள் வாசலோடு திரும்பிப் போயிருந்தன. அதில் அவள் அம்மா காளியாயிக்குத் தூக்கமே போய்விட்டது.

முக்கொம்புப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் எந்தப் பாதி யாருக்கு என்பதுதான் தகராறு. வழக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்தார்கள். இரண்டு வக்கீலும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்.

“கோர்ட் பீசுக்குன்னு ஐம்பத்தஞ்சுல வந்த சட்டங்க. அண்ணன் தம்பி ஒரே குடும்பமா சேர்ந்து அனுபவிச்சுக்கிட்டிருந்தா பீஸ் கொஞ்சம்தான். ஒருத்தரை ஒதுக்கி வச்சாச்சுன்னா பங்கோட மார்க்கெட் விலைக்குத் தக்கபடி கட்டணும், செலவு ரெண்டு பேர் தலையிலயும்தான் விடியும். சந்தேகம் வந்தா கோர்ட்டுலேர்ந்து ஆள் வந்து பாத்தாலும் பாப்பாங்க.”

சேர்ந்தே அனுபவிப்பதாக எழுதி வழக்கும் போட்டாயிற்று. அன்று காலை வாசலில் குடையோடு அந்தப் பெரியவர் வந்து நின்றார். அவரிடம் இரண்டு வார்த்தை பேசி, கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ரங்கநாயகி உள்ளே ஓடிவந்தாள். “அப்பா, சித்தப்பா, கோர்ட்டுலேர்ந்து ஆள் வந்திருக்காங்க.”

அவர் கால் கழுவி முடிப்பதற்குள் தட்டி மாட்டுக் கொட்டகைக்குப் பறந்தது. அடைக்கலத்தின் மனைவி வள்ளிக்கண்ணு தன் அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். காளியாயியின் கருவாட்டுக் குழம்பும் வள்ளிக்கண்ணுவின் பருப்புக் குழம்பும் ஒரே சட்டியில் விழுந்தன. ரங்கநாயகி மட்டும் எதிலும் கை வைக்காமல், கண்ணாடி முன் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

விசிறி வீச்செல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

“எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கீங்களா?” என்று கேட்டார் பெரியவர்.

“ஒரே அடுப்புங்க” என்றார்கள் இருவரும்.

“சண்டை கிண்டை?”

“சண்டையா? அப்படின்னா என்னடா தம்பி?” என்று வீரமலை கேட்க, அடைக்கலம் தெரியாது என்று தலையாட்டினான். வள்ளிக்கண்ணு தன் பங்குக்குக் காளியாயியைப் பிடித்து உட்கார வைத்துத் தலை பின்னத் தொடங்கினாள். காளியாயி வலியைப் பொறுத்துக்கொண்டு சிரித்தாள்.

ரங்கநாயகி காபி கொண்டுவந்தாள். பெரியவர் முன் குனிந்து நீட்டினாள்.

“வேணாம் தாயி. பச்சைத் தண்ணி போதும்.”

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றான் அடைக்கலம்.

“இப்ப கூடாதுங்க. வந்த காரியம் முடியட்டும்.”

“கை சுத்தமான ஆளுடா” என்று தம்பியின் காதில் சொன்னார் வீரமலை. ஆடிக்குப் பிறகு அவர் தம்பியிடம் மனதாரச் சொன்ன முதல் வார்த்தை அது.

பெரியவர் எழுந்தார். கொல்லைப்புறம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் மறுபடியும் பலகையில் உட்கார்ந்து துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

“மனசு நெறைஞ்சு போச்சுங்க. எலையப் போடச் சொல்லுங்க, கை நனைச்சுட்டே போறேன். பொன்மலையில வேலை பாக்குற என் அக்கா மவனுக்கு இப்படி ஒரு ஒத்துமையான குடும்பத்துலதான் பொண்ணு எடுக்கணும்னு இருந்தோம். தாய்மாமன் நான் சரின்னா சரிதான். கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்க பிரியாம இப்படியே இருக்கணும், எங்களுக்கு அது போதும்.”

விசிறி அடைக்கலத்தின் கையிலிருந்து நழுவியது. காளியாயி பாதிப் பின்னலோடு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே இலை போட்டாள். பெரியவர் அந்தக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவப் போன நேரத்தில், அண்ணனும் தம்பியும் ரங்கநாயகியை அடுப்படியில் மடக்கினார்கள்.

“கோர்ட் ஆளுன்னு சொன்னியேம்மா” என்று பல்லைக் கடித்தான் அடைக்கலம்.

ரங்கநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு சொல்லியிருந்தா, தட்டிய எடுத்திருப்பீங்களா சித்தப்பா?”