முறிவு மருந்து

கோமதி குழாயைத் திறந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். வாடையே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

முன்பெல்லாம் குழாயைத் திறந்ததுமே தொட்டியில் கலக்கும் பொடியின் வாடை குப்பென்று அடிக்கும். கேரள எல்லைக்குள் கோவிந்தாபுரத்தை ஒட்டிய அந்தத் தமிழர் காலனியில், தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று முதலில் பேச்சு கிளம்பியதே அந்த வாடையால்தான். இப்போது வாடையே தெரியாத புது மருந்தைக் கலக்கிறார்கள் என்று யாரோ பேசிய குரல்பதிவு எல்லோர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பம்ப் ரூமை நோக்கி நடந்தாள். பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் மகள் ஸ்ரீஜா மூன்று நாளாகக் கண் திறக்காமல் கிடக்கிறாள். பதினோரு வயது. ஈரல் போய்விட்டது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று காலையில் டாக்டர் சொன்னார். புருஷன் பெரியமுத்துவைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் பஸ் ஏறி வந்திருந்தாள்.

கோமதி காதில் விழுவதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. காலனியில் உலவிய கதைகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தவள். கேன் தண்ணீர் விற்கிற கம்பெனிக்காரன்தான் குழாய்த் தண்ணீரைக் கெடுக்கிறான் என்றார்கள். மாந்தோப்புக் கூலியில் கேன் வாங்க யாரால் முடியும் என்று அதைத் தள்ளினாள். பிள்ளை பிறக்காமல் இருக்க மருந்து கலக்கிறார்கள் என்றார்கள். அந்த மாதமே தெருவில் மூன்று பேர் முழுகாமல் இருந்தார்கள். அதையும் தள்ளினாள்.

கடைசியில் மிஞ்சியது அந்த வெள்ளைப் பொடி. அதை அவளே கண்ணால் பார்த்திருந்தாள். பம்ப் ஓட்டும் அப்புசாமி அதை வாளியில் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றுவார். இந்த வருடம் பொடியின் வீரியம் கூடிப்போய், ஊற்றிய மறுநாளெல்லாம் ஸ்ரீஜாவுக்கு உடம்பு அரித்தது.

சித்திரையில் நாற்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு கோமதி பம்ப் ரூமுக்குப் போனாள். பொடி போடாமல் முடியாது, மேலிடத்து உத்தரவு என்று தண்ணீர்க் கமிட்டித் தலைவர் கையை விரித்துவிட்டார். எல்லோரும் கலைந்த பிறகு அவள் மட்டும் நின்று அப்புசாமியிடம் கெஞ்சினாள், அழுதாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

வைகாசி கடைசியில் காமாலை வந்தது. முதலில் மூன்று வீடு. அப்புறம் முப்பது வீடு. இரண்டு பேரைப் புதைத்தாயிற்று. கோமதி சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று காலனியே பேசியது.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது, கிருமிதான் காரணம், பொடி போடுவதே அந்தக் கிருமியைக் கொல்லத்தான் என்றார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். பத்து வருடமாக இதே குழாய்தானே, அப்போதெல்லாம் வராதது இப்போது எப்படி வந்தது என்று கோமதி கேட்டாள். குழாயைத் தோண்டிப் பார்க்கச் சொல்கிறேன் என்றுவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பம்ப் ரூம் படியில் அப்புசாமி தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில் பாதி ஆளாகியிருந்தார். கண் இரண்டும் மஞ்சள். கலக்கிய ஆளையும் அது விடவில்லை என்று கோமதி நினைத்துக்கொண்டாள். அவர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்பட நேரமில்லை.

அவளிடம் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பூச்சிமருந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனால், எந்த மருந்து, எப்போது என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள். தெரிந்தால் அதற்கு ஒரு முறிவு மருந்து இருக்கும். தோப்பில் வேலை செய்த இத்தனை வருடத்தில் அப்படிப் பிழைத்து வந்த இரண்டு பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

"யாரையும் காட்டிக்குடுக்க வேண்டாமுங்ணா," என்றாள். "உங்க மேல கேஸும் வராது. அந்தப் புதுப் பொடி பேர மட்டும் சொல்லுங்க. நான் டாக்டர்கிட்டப் போயிச் சொல்லோணும்."

அப்புசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா எப்படியிருக்குது?"

"இன்னைக்கு இருக்கறா. சொல்லுங்ணா."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"புதுப் பொடியின்னு ஒண்ணும் வரலீயே அம்மிணி."

"சரி, பழசாவே இருக்கட்டும். கடைசியா என்னைக்குக் கலந்தீங்க? அதையாவது சொல்லுங்க. டாக்டர் கேப்பாரு."

பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கோமதி கையில் எடுத்துக்கொண்டாள். அடுத்த பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"நீ வந்து அழுதுட்டுப் போன அன்னைக்கே நிறுத்திப்போட்டேன் அம்மிணி."