மின்னல் கிளப் தப்பியது

பாளையம்பட்டி மின்னல் கிளப் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தது. இன்றும் தோற்றால் இரண்டாம் டிவிசனுக்கு இறக்கிவிடுவார்கள்.

"அந்தக் கீப்பர மாத்தித் தொலைங்கய்யா!" என்று ரசிகர்கள் கத்தினார்கள். மனைவி இறந்தபின் தனியாக வாழும் தாவீதுராஜ் மட்டும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிடத்தில் மின்னல் கோல் போட்டு ஜெயித்தது.

"அண்ணாச்சி, உங்க ஜெபம் கேட்டுருச்சு!" என்று பக்கத்தில் நின்ற நாகராஜ் அவரைக் கட்டிக்கொண்டான்.

தாவீதுராஜ் வீட்டுக்கு நடந்தார். மின்னல் தோற்கிற அன்றுதான் அவர் மகன் ராபின் துபாயிலிருந்து கூப்பிடுவான். "இவிங்க உருப்படவே மாட்டாய்ங்கப்பா!" என்று அரை மணி நேரம் திட்டித் தீர்ப்பான். ஜெயித்தால் வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் படம்தான்.

கதவைத் திறக்கும்போதே அது வந்துவிட்டது.