தவக்காலத் தள்ளாட்டம்

“மாதா மேல சத்தியமா குடிக்கல ரீனா,” என்றான் ஞானராஜ்.

“டாக்டர் முன்னாலயும் பொய்யா? நேத்துக் காலைப் பூசைல தள்ளாடி விழுந்தது யாரு? சாமியாரையே யாருன்னு கேட்டீங்கள்ல?”

அவனுக்கு எதுவுமே நினைவில்லை. குழப்பத்தோடு டாக்டரைப் பார்த்தான். கணவனின் குடியை நிறுத்த மருந்து கேட்டுத்தான் ரீனா அவனைச் செம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்திருந்தாள். டாக்டரோ ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுக்க வைத்திருந்தார்.

“அவர் குடிக்கலம்மா. கணையத்துல சின்னதா ஒரு கட்டி. அது இன்சுலினை அளவில்லாமச் சுரக்குது. வயிறு காஞ்சா சர்க்கரை இறங்கி, குடிச்சவர் மாதிரி உளறுவார். ஆபரேஷன் பண்ணிச் சரியாக்கிரலாம். ஆனா, முன்னாடி எப்பவாச்சும்தான் வந்துச்சுன்னு சொன்னீங்க. இந்த ஒரு மாசமா ஏன் இம்புட்டு அதிகமாச்சு?”

ரீனா தலைகுனிந்தாள். “இவரு குடிய விடணும்னு தவக்காலம் பூரா ஒருசந்தி நேந்துக்கிட்டேன் டாக்டர்.”

டாக்டர் குழம்பினார். “நீங்க பட்டினி கெடந்தா அவருக்கு எப்படிம்மா சர்க்கரை இறங்கும்?”

“நேந்துக்கிட்டது மட்டுந்தான் அவ, டாக்டர்,” என்றான் ஞானராஜ். “பட்டினி கெடக்குறது நானு.”